நான் சுரண்டி எடுத்த நோட்டீஸ்கள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். என் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லோரும் சுகம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மா உன் அறையை இன்னும் தினமும் பெருக்குகிறாள், யாருக்கு என்று கேட்டால் முறைக்கிறாள். தம்பி பரீட்சையில் எப்படியோ கரையேறிவிட்டான்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் இனத்தாருக்கு வீடு கொடுக்காதே, வேலை கொடுக்காதே, அடித்து விரட்டு என்று தன் பேரையே கீழே போட்டு நோட்டீஸ் ஒட்டினாரே மூலை மரக்கடைக்காரர், அந்த வழக்கு மூன்று வருஷம் கழித்து இப்போதுதான் விசாரணைக்கு வந்திருக்கிறது. சாட்சி சொல்ல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். அரசு வக்கீலம்மா, "நோட்டீஸ் எங்கய்யா?" என்று கேட்டார். எங்கே இருக்கும்? நீ வேலைக்குப் போகும் வழியில் அது உன் கண்ணில் படக்கூடாதென்று, டிப்போவில் பஸ் கண்ணாடி சுரண்டும் தகட்டோடு விடியுமுன்னே போய், ஒன்று விடாமல் சுரண்டி அடுப்பில் போட்டவன் நான்தானே. அவர் தலையில் கைவைத்துக்கொண்டார். "ஆறு வருஷத்துல இந்த மாதிரி நாப்பத்தொரு புகார், கோர்ட்டுக்கு வந்தது ஒன்பது, தண்டனை ஆனது ரெண்டே ரெண்டு. எல்லாரும் பார்த்தேன்னு சொல்றாங்க, யார் கையிலயும் ஒரு தாள் இல்ல" என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து புலம்பினபோதுதான் அம்மா அழுதுகொண்டே, "அவகிட்ட ஒண்ணு இருக்குங்க" என்றாள். அலுவலகத்தில் உன் மேசைமேலேயே யாரோ வைத்துவிட்டுப் போனார்களாமே. அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, அந்த வேலையையே விட்டுவிட்டு, வெளியூரில் நல்ல சம்பளம் என்று என்னிடம் சிரித்துவிட்டுப் போயிருக்கிறாய். நானும் மகளுக்குப் பெரிய வேலை என்று டிப்போ முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். உன்மேல் கோபம் இல்லை. கொஞ்சம் இருக்கிறது.

அந்தத் தாளைத் தபாலில் அனுப்பினால் போதாதாம். எடுத்தவரே கூண்டேறி, இது என் மேசையில் கிடந்தது என்று சொல்ல வேண்டுமாம். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி. நீ வந்து சொன்னாலும் மரக்கடைக்காரர் தப்பிக்கலாம், கணக்கு அப்படித்தான் இருக்கிறது. மனம் ஒப்பவில்லை என்றால் வராதே, உன்னை யாரும் குறை சொல்ல மாட்டோம். ஆனால் வழக்கு தோற்றாலும் போகட்டும், உன்னை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட வேண்டும் போல இருக்கிறது அம்மாடி.

எங்கே இருந்தாலும் நீ தலைநிமிர்ந்து நன்றாக இருக்க வேண்டும். வருவதானால் தாளைக் கசங்காமல் கைப்பையிலேயே வைத்துக்கொள். எந்த ரயில் என்று மட்டும் சொல், ஸ்டேஷனில் வந்து நிற்கிறேன். தகட்டை டிப்போவில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அப்பா