அம்மாவுக்கு ஓர் ஆதாரம்

ஜூன் 3, செவ்வாய்

வெயில். ஃபேன் போட்டால் அனல்தான் சுற்றி வருகிறது.

இங்கே மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வம்சாவளி மென்பொருளில் தாத்தாவின் கல்யாணத்துக்கு ஆதாரமாக "குடும்பக் குறிப்பேடு, பக்கம் 47" என்று போட்டது பொய். குறிப்பேடே நாற்பது பக்க நோட்டு. அதிலும் பாதி சித்தி போட்டுப் பழகிய கோலம். செல்வம் (பெரியப்பா மகன், என்னைவிட மூன்று மாதம் மூத்தவன், அதை இன்றுவரை மறக்கவிடாதவன்) வாட்ஸப் குழுவில் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான்.

"டேய், அந்த 47-ஐ ஒரு ஃபோட்டோ எடுத்துப் போடேன், பாக்கலாம்."

பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். நீல டிக் காட்டிக்கொடுத்தது.

சுரங்க ஸ்டோர்ஸில் கிளார்க் நான். சீட்டு இல்லாமல் ஒரு நட்டைக்கூட வெளியே விடமாட்டேன். வீட்டில் மட்டும் மூன்று தலைமுறையைச் சீட்டில்லாமல் வழங்கியிருக்கிறேன்.

ஜூன் 5, வியாழன்

ஆதாரங்களைச் சரிசெய்ய உட்கார்ந்தேன். எடுத்தவுடன் மென்பொருளின் எச்சரிக்கை: பதினோரு பேருக்கு ஒரே பிறந்தநாள், ஜூன் 1. ஒரே ஆளைத் திரும்பத் திரும்பச் சேர்த்துவிட்டீர்களா? இல்லை ஐயா. பள்ளியில் சேர்த்த அன்று தலைமையாசிரியர் எல்லாருக்கும் பொதுவாகப் பெற்றுப்போட்ட தேதி.

செய்ய:
1. பக்கம் 47, அழிக்க
2. மாமனார் பிறந்த ஊர், வசந்தாவிடம் கேட்க
3. அம்மா

2-க்கு என் மனைவியின் பதில்: "எங்கப்பாவுக்கு எதுக்குங்க ஆதாரம்? ஹால்ல உக்காந்து டிவி பாத்துட்டிருக்காரு. போய்க் கேளுங்க."

3 அப்படியே நிற்கிறது. எனக்கு மூன்று வயதில் போய்விட்டார். புகைப்படம் கிடையாது. மரணச் சான்றிதழ் உண்டு. அதற்கு மென்பொருள் மூன்றுக்கு மூன்று நட்சத்திரம் தருகிறது. ஆக, செத்தது நிரூபணம். வாழ்ந்ததற்கு என் ஞாபகம் ஒன்றுதான். டவுன்ஷிப்பில் எங்கள் பழைய குவார்ட்டர்ஸ் கேட். பச்சைப் புடவை. இடுப்பில் நான். அப்பாவின் ஷிப்ட் பஸ் திரும்புகிறது. "அதோ பாரு" என்கிறார். கழுத்தில் மஞ்சளும் வேர்வையும். முகம் மட்டும் பஸ் பக்கம். ஐம்பது வருடமாக அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆதாரம்: மகனின் நினைவு. நட்சத்திரம்: பூஜ்யம்.

சாட்சி சொல்ல இன்னொரு வாய் வேண்டும். ஒன்றே ஒன்று.

ஜூன் 8, ஞாயிறு

மீன் வாங்கப் புறப்பட்டவன் நேரே குள்ளஞ்சாவடிக்குப் போய்விட்டேன். பத்மா அத்தை, அப்பாவின் தங்கை, வயது எழுபத்தெட்டு (ஜூன் 1). அம்மாவைப் பற்றிக் கேட்டதும், நான் எடுத்துக்கொடுக்காமலே ஆரம்பித்தார்.

"பச்சப் பொடவதான்டா. கேட்டாண்ட ஒன்ன இடுப்புல வச்சிகினு நிப்பா. பஸ்ஸு வந்தா அதோ பாருன்னுவா."

கண் கலங்கிவிட்டது எனக்கு. பேனாவை எடுத்தேன். "நீங்க பாத்தீங்களா அத்த?"

"நான் எங்கடா பாத்தன்? அப்ப திண்டிவனத்துல இல்ல வாக்கப்பட்டு இருந்தன். நீதான் பொங்கலுக்குப் பொங்கல் வந்து சொல்லிகினு கெடக்கற. கேட்டுக் கேட்டு எனக்கே பாத்தாப்புல ஆயிடிச்சி."

பேனாவை மூடினேன். அத்தை என் முகத்தையே பார்த்தார்.

"சரி, அத்த சொன்னாங்கன்னு எழுதிக்கோடா. நான்தான் சொல்லிட்டன் இல்ல."

ஃபோனிலேயே மென்பொருளைத் திறந்து எழுதினேன். ஒரு நட்சத்திரம் வந்தது. அழித்தேன். திரும்பவும் போட்டேன். திரும்பவும் அழித்தேன்.

வீட்டில் வசந்தா: "மீன் எங்க? ஆதாரத்தக் கொழம்பு வச்சிரட்டுமா?"

ஜூன் 9, திங்கள்

தூறல். லீவ். காரணம்: வயிற்றுவலி (ஆதாரம் இல்லை).

ஒன்றையாவது யோக்கியமாகச் செய்வோம் என்று, அம்மாவின் "வசிப்பிடம்" கட்டத்தில் அந்தக் கேட்டின் விலாசத்தைப் போட்டேன். எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டது. லாஃப்டில் ஏறி அப்பாவின் கோப்பை இறக்கினேன். தும்மல் பதினாறு. கிடைத்துவிட்டது: குவார்ட்டர்ஸ் ஒதுக்கீட்டுக் கடிதம். அப்பாவுக்குக் கிடைத்த முதலும் கடைசியுமான குவார்ட்டர்ஸ். அதுவரை நாங்கள் கிராமத்தில். கடித எண், வட்ட முத்திரை, பச்சை மையில் கையெழுத்து. மூன்று நட்சத்திரத்துக்குக் குறையாது.

தேதியும் தெளிவாக இருக்கிறது. அம்மா இறந்து ஒரு வருடம் நான்கு மாதம் கழித்து.