போலியும் போணியும்

செப்டம்பர் 17, புதன்

இன்றிலிருந்து நான் பணக்காரி. பெயர் அதே உயென்தான், ஊர் மட்டும் ஹனோய். அப்பா கட்டட வரைபடம் போடுகிறவர். 204-ஆம் அறையில் தங்கியிருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் ஆறு. மூடினால் நாற்றம்.

லியூ அத்தையின் இந்த ஹோட்டலில் பதினோரு அறை. உண்மையான ஆள் இருப்பது ஒன்றே ஒன்றில், ஒரு பிரெஞ்சுத் தம்பதி. மழைக்காலம் தொடங்கிவிட்டால் எங்கள் ஊர் ஹோய் ஆனுக்குத் தவறாமல் வருவது ஆற்றுத் தண்ணீர் மட்டும்தான். அதுவும் அறை எடுக்காமல் உள்ளே வந்துவிடும்.

சைகோனிலிருந்து ஒரு சுற்றுலாக் கம்பெனி இந்த வாரம் ஆள் அனுப்பப் போகிறது. எந்த நாள், எந்த ஆள் என்று சொல்லமாட்டார்களாம். பிடித்துப்போனால் மழைக்காலம் முழுக்க அவர்களுடைய கூட்டம் இங்கேதான் தங்கும், ஸ்பாவும் திறந்திருக்கும். பிடிக்காவிட்டால் ஸ்பாவுக்குப் பூட்டு. அங்கே ஐந்து வருடமாக மசாஜ் செய்யும் என் அம்மா வேலை தேடி நா ட்ராங் போவாள். நான் தாம் கீயில் மாமா வீட்டுக்கு. மாமா வீட்டில் ஒன்பது பேர், மூன்று சேவல், ஒரு கழிப்பறை. ஒரு ராத்திரி பஸ் பயணம் தள்ளி அம்மா. வருடத்துக்கு ஒரு முறை, புத்தாண்டுக்குப் பார்க்கலாம்.

காலி ஹோட்டல் யாருக்குப் பிடிக்கும்? அதனால் லியூ அத்தை வேலைக்காரர்களின் சொந்தபந்தங்களைக் கொண்டுவந்து அறைகளை நிரப்பிவிட்டாள். விருந்தாளி மாதிரி இருக்கவேண்டும், அதாவது எதற்கும் நன்றி சொல்லக்கூடாது. இது எனக்கு முன்பே பழக்கம்.

அறையில் இருக்கும் கையேடு "ஆற்றோரத்தின் நிசப்தம்" என்கிறது. எதிர்க்கரையில் கரோக்கி பாடும் ஆசாமியிடம் யாராவது இந்தக் கையேட்டைக் கொடுத்தால் தேவலை.

செப்டம்பர் 19, வெள்ளி

ஸ்பாவும் காலியாக இருக்கக்கூடாதாம். என்னை அனுப்பினார்கள். கால் வைக்க ஒரு மரத்தொட்டி, வெந்நீர், இஞ்சி, எலுமிச்சைப் புல், பூ மாதிரி கீறிய இரண்டு மிளகாய். வீட்டில் மீனுக்குப் போடுவதை இங்கே காலுக்குப் போடுகிறார்கள். கொஞ்சம் மீன்சாறும் ஊற்றியிருந்தால் என்னை அப்படியே பரிமாறியிருக்கலாம்.

"சூடு போதுங்களா மேடம்?" என்றாள் என்னைப் பெற்றவள்.

"கொஞ்சம் கம்மிதான். நீங்க வேலைக்குப் புதுசோ?" என்றேன்.

துண்டுக்கு அடியில் என் கெண்டைக்காலைக் கிள்ளினாள். முகத்தில் சிரிப்பு துளிகூட அசையவில்லை. ஐந்து வருட அனுபவம் சும்மாவா.

பிறகு உண்மையிலேயே பிடித்துவிட்டாள். எழுதவே வெட்கமாக இருக்கிறது — தூங்கிப்போனேன். ஐந்து வருடமாக ஊரான் காலுக்கெல்லாம் கிடைத்தது எனக்கு முதல்முறையாகக் கிடைக்கிறது, அதுவும் ஹனோய்க்காரியாக.

என் "அப்பா"வைப் பற்றி எழுதவில்லையே. ரிசப்ஷனில் இருக்கும் பாவ் அண்ணனின் சித்தப்பா. நிஜத்தில் வாத்து வளர்க்கிறார். குளியலறையில் தொங்கிய வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு காலைச் சாப்பாட்டுக்கு இறங்கி வந்துவிட்டார், கழற்ற மாட்டேன் என்கிறார். பிரெஞ்சுக்காரர் அவரிடம் கடைசியாக என்ன கட்டினீர்கள் என்று கேட்டார். "வாத்துக் கொட்டகை" என்றார் உள்ளபடியே. பாவ் அண்ணன் அதைப் பிரெஞ்சில் "ஏரிக்கரை வீடுகள்" ஆக்கினார். இந்த ஹோட்டலில் ஒழுங்காக வேலை செய்கிற ஒரே மூளை.

செப்டம்பர் 21, ஞாயிறு

நாளைக்குச் சந்திர மாதத்தின் முதல் தேதி. லியூ அத்தைக்குக் காய்ச்சல் வரும் நாள். அன்றைக்கு முதலில் படியேறுகிறவருடைய ராசி எப்படியோ அப்படித்தான் மாதம் முழுக்கப் போணி ஆகும் என்பது அவளுடைய சாஸ்திரம். அவளுடையது மட்டுமா, இந்தத் தெருவில் எல்லாக் கடைக்கும் அதுதான். ஆனால் மற்றவர்கள் நடப்பது நடக்கட்டும் என்றிருப்பார்கள், இவள் ஏற்பாடு செய்துவிடுவாள். நகைக்கடைக்காரர் ஒருவர் ஒவ்வொரு முதல் தேதியும் ஆறு மணிக்கு வந்து, ஒரு குளிர்பானம் வாங்கிக் குடித்துவிட்டுப் போவார். அவர் கால்பட்டால் லேசான ராசியாம், அதாவது நல்ல ராசி. ஆள் என்னவோ தொண்ணூறு கிலோ.

சைகோன் ஆள் காரில் வருவான், பெட்டி இருக்கும், கண்ணாடி போட்டிருப்பான் என்று லியூ அத்தை முடிவுகட்டிவிட்டாள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பார்ப்போம்.

செப்டம்பர் 22, திங்கள்

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. பள்ளிக்கூடம் மதியம்தான், அதற்குள் எழுதிவிடுகிறேன்.

விடிந்ததிலிருந்து பேய்மழை. பின்சந்தில் முழங்கால் தண்ணீர். வேலைக்கு வந்த அம்மாகூட முன்வாசல் வழியாகத்தான் வரவேண்டியிருந்தது. நகைக்கடைக்காரரைக் காணோம். லியூ அத்தை வாசலுக்கும் ஊதுவத்திக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

ஆறரைக்கு ஒரு பெண்மணி ஏறி வந்தார். ஐம்பது வயது இருக்கும். சந்தையில் விற்கிற மெல்லிசு பிளாஸ்டிக் மழைக்கோட்டு, ரப்பர் செருப்பு. வாடகை கேட்டார். மேலே போய் ஓர் அறையைப் பார்த்தார். சுவரைத் தொட்டுப் பார்த்தார். வாத்துக்காரர் வலிய வந்து, தான் ஹனோய் ஆள், நான் தன் மகள் என்று அளந்ததைக் கேட்டுக்கொண்டார். இன்னும் இரண்டு இடம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இறங்கிப் போனார்.

முதல் தேதி, முதல் ஆள், ஒன்றும் எடுக்காமல் திரும்பிப் போகிறது. லியூ அத்தையின் முகம் வேகாத மாவு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் காகிதம் கொளுத்திக் கெட்ட ராசியை விரட்டலாமா என்று தயங்கினாள். அங்கேதான் நான் புகுந்தேன். அந்தப் பெண்மணி வாசலைத் தாண்டுமுன்பே படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கிக்கொண்டு இறங்கினேன். அவர் வெளியே போனதும் ரொம்ப அக்கறையாகச் சொன்னேன்:

"அத்தை, இவங்க காலைலேர்ந்து நாலு கடை ஏறி எறங்கிட்டாங்க. ஒரு எடத்துலயும் ஒண்ணும் வாங்கல. தையக்கடைல அப்பவே கொளுத்திட்டாங்களே."

நாலு கடையும் இல்லை, தையல்கடையும் இல்லை. அந்தத் தெருவில் ஒரு கடைகூட இன்னும் திறந்திருக்கவில்லை.

அவ்வளவுதான். கையில் கிடைத்த காகிதத்தைச் சுருட்டினாள் — நிசப்தக் கையேடுதான் — கொளுத்தினாள். வாசற்படியில் நின்று இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு என்று ஆட்டினாள். "கெட்ட ராசி போ, நல்ல ராசி நில்லு" என்று பாட்டு வேறு. கடைசியில் உப்பும் அரிசியும் கலந்து ஒரு பிடி தெருவில் வீசினாள். வாத்துக்காரர் அங்கியோடு வந்து நின்று பயபக்தியுடன் கும்பிட்டார்.

அந்தப் பெண்மணி பக்கத்துவீட்டுத் தாழ்வாரத்தில் கோட்டுக்குப் பொத்தான் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். முழுவதையும் பார்த்தார். வெள்ளைக்காரராக இருந்தால் இது ஏதோ வழியனுப்பும் விழா என்று படம் எடுத்திருப்பார். இவர் நம்மூர்க்காரர். கோட்டின் மேல் விழுந்த அரிசியைத் தட்டிவிட்டுக்கொண்டு நடந்தார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

அந்தப் பெண்மணிதான் சைகோன் ஆள். பெயர் ஸாம்.

கம்பெனியிலிருந்து போன் வந்ததாம், வேண்டாம் என்று. பாவ் அண்ணன்தான் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல்.

போலிகள் எல்லாரும் அவரவர் வீட்டுக்கு. வாத்துக்காரர் அங்கியை மடித்துக் கொடுத்தார். நான் மட்டும் துணி மாற்றுகிற சாக்கில் ஸ்பா பின்னால் நின்றேன். லியூ அத்தை ஊழியர்கள் அத்தனை பேரையும் கூட்டி வைத்துக்கொண்டு, முதல் தேதி எப்படிக் கெட்டது என்று விசாரணை நடத்தினாள். கொளுத்தியது அவள் கை. பொய் என் வாய். ஆனால் விசாரணை போய் நின்ற இடம் வேறு.

"முன்வாசல்ல மொதல்ல கால் வச்சது யாரு? தியெப்புதானே. புருஷன் விட்டுட்டுப் போனவ. முதல் தேதி விடியக்காலைல அவ வந்தா அப்புறம் யாரு வந்து என்ன?"

தியெப் என் அம்மா. மாதக் கடைசியோடு நின்றுகொள் என்றாள் லியூ அத்தை. ஸ்பாவில் மற்ற மூன்று பேருக்கும் கொஞ்சம் வேலை இருக்குமாம்.

அம்மா பின்சந்தில் தண்ணீர் இருந்தது என்றுகூடச் சொல்லவில்லை. எண்ணெய்ப் புட்டிகளைத் துடைத்து வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். சொல்ல வேண்டியதுதானே? வாய் இல்லையா?

என் வாய் எங்கே போயிருந்தது?

செப்டம்பர் 24, புதன்

அம்மா மாமாவுக்குப் போன் செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போக வருகிறார்.

செப்டம்பர் 25, வியாழன்

சொல்லிவிட்டேன்.

அம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். கரண்டி அந்தரத்தில் நின்றது. அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருக்கலாம். "எதுக்கு அப்படிச் சொன்ன?" என்றாள். நெருப்பைப் பார்க்கலாம் என்றுதான் என்றேன். எவ்வளவு கேவலமான பதில். ஆனால் அதைவிட நல்லதாக ஒன்றும் உண்மையில் இல்லை.

"எங்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது உயென்?" என்றாள். அவ்வளவுதான். சோற்றைப் போட்டாள்.

நேரே லியூ அத்தையிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் தலையைத் தடவினாள், அதுதான் தாங்கவில்லை. அம்மாவைக் காப்பாற்ற இப்படிக் கதை கட்டுகிறாயே, நல்ல பிள்ளை என்றாள். நிஜமா அத்தை, நான்தான், நான்தான்னு கத்தினேன். சரி சரி, வீட்டுக்குப் போ.

அன்னிக்கு ஒரு பொய்ய ஒரே நொடில நம்பினா. இன்னிக்கு உண்மைய அரைமணி நேரம் சொல்லியும் நம்பல. இத்தனை நாளா சொன்ன பொய்யெல்லாம் சேந்து இப்ப பல்ல இளிக்குது. வேணும் எனக்கு.

செப்டம்பர் 26, வெள்ளி

பாவ் அண்ணனிடம் கெஞ்சினேன். ஸாம் இன்னும் ஊரில்தான் வேறு ஹோட்டல்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், காலையில் சந்தைப் பக்கம் சாப்பிடுவார் என்று கண்டுபிடித்துச் சொன்னார். சைக்கிளை மிதித்தேன். நூடுல்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தார். அதே கோட்டு பக்கத்து நாற்காலியில் சொட்டிக்கொண்டிருந்தது.

மூச்சுவிடாமல் சொன்னேன். நாலு கடை ஏறி இறங்கினீர்கள் என்று பொய் சொன்னது நான், அதனால்தான் கொளுத்தினார்கள், நீங்கள் கோபித்துக்கொண்டு வேண்டாம் என்றீர்கள், பழி என் அம்மா மேல் விழுந்துவிட்டது.

ஸாம் நூடுல்ஸை மென்று முடித்தார்.

"யாரு கோவிச்சுக்கிட்டா? எங்கக்கா மீன்கடை வச்சிருக்கா. தெனமும் யாரையாவது கொளுத்தித்தான் அனுப்புவா. அதுக்கெல்லாம் ஒரு ஹோட்டல வேணாம்னு எழுதுவாங்களா?"

"அப்புறம் ஏன்?"

"செவுத்துல கைய வச்சா பூஞ்சை. பெயின்ட் அடிச்சு மறைச்சிருக்காங்க. அப்புறம், ஹனோய் ஆளுன்னு ஒருத்தரு அங்கிய மாட்டிக்கிட்டு இந்தப் பக்கத்து க்வாங் நாம் பேச்சுப் பேசறாரு. கால் நெகமெல்லாம் சேறு. அவரு பொண்ணு அந்த வீட்லயே பொறந்தவ மாதிரி கைப்பிடில சறுக்கிட்டு எறங்குது. ஆள் நெறைஞ்ச மாதிரி காட்டறவங்க வேற என்னத்தையெல்லாம் காட்டுவாங்களோ. அதான்."

ஒரு ஹோட்டலையே கவிழ்த்த குற்றவாளி என்று நான்கு நாளாக என்னை நானே பெரிய ஆளாக நினைத்திருந்தேன். பூஞ்சைக்கு அடுத்த இடம்தான் எனக்கு.

அங்கேயே வைத்து லியூ அத்தைக்குப் போன் போட்டார். காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார். உங்கள் வீட்டில் யார் முதலில் கால் வைத்தார்கள் என்பது எங்கள் படிவத்தில் இல்லை என்றார். குரலே உயரவில்லை. எனக்கும் ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்தார்.

செப்டம்பர் 27, சனி

லியூ அத்தை வீடு தேடி வந்தாள், பழக்கூடையோடு. ஸ்பா எல்லாருக்குமே மூடத்தான் வேண்டியிருக்கிறது, ஆனால் நீ அறைகளைப் பார்த்துக்கொள், போகவேண்டாம் என்றாள். மன்னிப்பு என்ற சொல் பழங்களுக்கு அடியில் எங்கேயோ இருந்திருக்கலாம். நான் தேடவில்லை.

இங்கேயே இருக்கலாம். மாமா வீடு இல்லை. நான் வாயைப் பொத்திக்கொண்டு, சரின்னு சொல்லும்மா, சரின்னு சொல்லு என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன்.

அம்மா தேநீர் ஊற்றினாள். மரியாதையாகத்தான் பேசினாள்.

"வேணாங்க்கா. அத்தனை பேரு முன்னாடி ராசியில்லாதவன்னு சொல்லிட்டீங்க. இனிமே நான் வாசப்படி ஏறும்போதெல்லாம் நீங்க மணிய பாப்பீங்க. நான் உங்க மொகத்த பாப்பேன். ரெண்டு பேருக்கும் நிம்மதி இருக்காது."

லியூ அத்தை போன பிறகு நான் அழுதேன். சரி, என் துணியை எடுத்து வைக்கிறேன், மாமா நாளைக்கு எத்தனை மணிக்கு வருகிறார் என்றேன்.

"மாமாகிட்ட வரவேணாம்னு சொல்லிட்டேன். உன்ன அங்க விட்டா பாவம் அவருதான். பொய்யச் சொல்லுவ, அப்புறம் ஊரெல்லாம் சைக்கிள்ல போயி ஒத்துக்குவ. எங்கூடவே வா."

அக்டோபர் 12, ஞாயிறு

நா ட்ராங். டயர்க் கடைக்கு மேலே ஓர் அறை. கடல் தெரியும் என்று சொல்லித்தான் வாடகைக்கு விட்டார்கள். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால் தெரிகிறது, ஒரு விரல் அகலம். புதுப் பள்ளிக்கூடத்தில் என் பேச்சுவழக்கைக் கேட்டு எல்லாரும் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

அம்மா வேலைக்குச் சேர்ந்த இடம் முந்நூறு அறை ஹோட்டல், ஸ்பாவில் மட்டும் இருபத்தாறு பேர். பழைய இடத்தை ஏன் விட்டாய் என்று அவர்கள் கேட்டார்களாம். அம்மா முழுக்கதையும் சொல்லியிருக்கிறாள். இன்றைக்கு மத்தியானம், எப்படிச் சொன்னாள் என்று எனக்கு நடித்தே காட்டினாள். என் பாடப் புத்தகத்தைச் சுருட்டிக்கொண்டு இந்தப் பக்கம் ஏழு, அந்தப் பக்கம் ஏழு. லியூ அத்தையின் குரல் அப்படியே வந்தது. என் குரல் அதைவிட நன்றாக வந்தது: "ஒரு எடத்துலயும் ஒண்ணும் வாங்கல அத்தை." அங்கே எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம், ஒருத்தி எண்ணெய்ப் புட்டியையே கவிழ்த்துவிட்டாளாம்.

சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள். சிரித்து முடித்தும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நான் சிரிக்கவில்லை. எழுந்து போய் இரண்டு பேர் கிண்ணங்களையும் கழுவி வைத்தேன்.