தலையணையில் இருந்த மணம்

அன்புள்ள என்னவருக்கு,

நான் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினால் பொய். நான்கு நாட்களாக நீங்கள் போனை எடுக்கவில்லை. அதனால்தான் கடிதம். உங்களோடு வேலை பார்க்கும் கிரேன்காரர் விடுமுறை முடிந்து நாளைக் காலை விமானம் ஏறுகிறார். அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சின்னவள் காய்ச்சல் தேறிப் பள்ளிக்கூடம் போகிறாள். ஒழுகிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயை நானே மாற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் அக்கா வந்தார். சொல்லாமல் கொள்ளாமல்தான். படுக்கையறையில் சற்றுச் சாய்ந்தவர், தலையணையை முகர்ந்துவிட்டு விருட்டென்று எழுந்து உட்கார்ந்தார். பிறகு அலமாரியைத் திறந்தார். கரும்பச்சை சென்ட் பாட்டிலை எடுத்து, ‘ஆண்களுக்கு’ என்று இருந்ததை என் முன்னால் எழுத்துக்கூட்டிப் படித்தார். “தம்பி போயி எட்டு மாசம் ஆகுது. இது யாரோடது?” என்றார். என்னுடையது என்றேன். “பொம்பளை போடுற சென்ட்டா இது? யார் காதுல பூ சுத்துற?” என்று சிரித்தார். அன்று சாயங்காலமே உங்களிடம் பேசியிருப்பார். அன்றிலிருந்துதான் நீங்கள் ஊமையாகிவிட்டீர்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க ஃபார்மலினில் ஊறும் சதைத் துண்டுகளோடு மல்லுக்கட்டுகிறேன். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த நெடி கையை விடாது. அதன்மேல் பூ வாசனை சென்ட் பூசினால் சாவு வீட்டில் நிற்பது போலிருக்கும். கடையில் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தேன். இது ஒன்றுதான் அந்த நெடியை விரட்டியது. முதலில் கசக்கிய புதினா சுள்ளென்று ஏறும். கொஞ்ச நேரத்தில், இப்போதுதான் சவரம் செய்து சலவைச் சட்டை போட்ட ஓர் ஆள் பக்கத்தில் நிற்பது போல ஒரு சுத்தம். (இதைப் படித்து முகம் சிவக்காதீர்கள்.) வேலை முடியும் நேரத்தில் கொத்திப்போட்ட ஈர மண்ணும் மரப்பட்டையும் மட்டும் மிச்சமிருக்கும். பஸ்ஸில் மணிக்கட்டை மூக்கருகே வைத்துக்கொண்டே வீடு வந்து சேர்வேன். அத்தனை பிடித்திருக்கிறது.

உங்கள் ஞாபகமாக வாங்கினேன் என்று எழுதினால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். உங்கள் அக்காவிடமும் அப்படிச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் நீங்கள் பவுடர்கூடப் போடாத ஆள். எனக்குப் பிடித்தது, வாங்கினேன். கேலி செய்வீர்களே என்ற கூச்சத்தில் உங்களிடம் சொல்லவில்லை. அது என் தப்புதான்.

கோபம் கோபமாக வருகிறது. பயமாகவும் இருக்கிறது. பதினொரு வருடம் என்னோடு வாழ்ந்தவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கடைக்காரர் கொடுத்த பில் இருக்கிறது. நாள், நேரம், என் பெயர், எல்லாம் அதில் உண்டு. இந்த உறைக்குள் வைத்து ஒட்டப் போனேன். பிறகு வெளியே எடுத்துவிட்டேன். என் வார்த்தையை நம்பாத நீங்கள், அந்தக் காகிதத்தைப் பார்த்தால் நம்பிவிடுவீர்கள். அதற்கப்புறம் உங்களோடு எப்படி இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை.

வெயிலில் தலைக்குத் துணி கட்டாமல் நிற்காதீர்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். கடிதம் கைக்கு வந்ததும் போன் செய்யுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள். அந்த பில் எங்கே என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாயாடி