கரண்டிப் பாவாடை

பாரிஸ்,
நவம்பர் 1927

அன்புள்ள அம்மாவுக்கு,

கோபத்தில் இதையும் அடுப்பில் போட்டுவிடாதே. உள்ளே கப்பல் டிக்கெட் இருக்கிறது. ஆண்டவர் புண்ணியத்தில் நான் நன்றாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி தேவலையா?

கோடைக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி கிடையாது. லூட்டி சித்திதான் விஷயத்தை எழுதினாள். பத்திரிகையில் வந்த நான் ஆடும் படத்தை பாஸ்டர் கெய்ன்ஸ் பிரசங்க மேடையில் தூக்கிக் காட்டி, “ஹெஸ்டர் பொண்ணு வளத்த லட்சணத்தைப் பாருங்க” என்றாராமே. நீ எழுந்து வெளியே போய்விட்டாயாமே. தொடை தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படத்துக்குச் சத்தம் கிடையாதே, அம்மா.

நான் வந்து சேர்ந்த அன்று கொட்டகை முதலாளி ப்ருனெல் ஒரு கட்டு வைக்கோலையும் இலையையும் நீட்டி, “உங்க காட்டுல கட்டுற மாதிரி கட்டிக்கிட்டு வா” என்றார். “எங்க காட்டுல டிராம் வண்டி ஓடுதுய்யா, அதுக்குப் பேரு மெம்ஃபிஸ்” என்றேன். மறுநாளே பழைய சாமான் சந்தையில் தகரக் கரண்டிகளை அள்ளி வந்து நானே பாவாடையாகக் கோத்துக்கொண்டேன். நீ வேலை செய்யும் சாப்பாட்டு விடுதியில் பாத்திரமெல்லாம் கழுவி முடித்ததும் இரண்டு கரண்டிகளை முதுகோடு முதுகு பிடித்து முழங்காலில் தட்டுவாயே, அந்தத் தாளம்தான் இப்போது என் இடுப்பில் ஆடுகிறது.

இந்த ஊருக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது. சீமாட்டிகள் காதில் குட்டிக் கரண்டி தொங்குகிறது. பொம்மைக் கடையில் கரண்டிப் பாவாடை கட்டிய கறுப்புப் பொம்மை விற்கிறது. கேலியாகத் தடித்து வரைந்த அதன் உதட்டைப் பார்த்தால் அறைந்துவிடுவாய், நானும் கடைக்காரனைச் சும்மா விடவில்லை. இதைக் கேள்: வெள்ளைக்காரிகள் என் நிறம் வரவேண்டுமென்று கடற்கரையில் வெயிலில் காய்கிறார்கள். “வெயில்ல நிக்காதடி, இன்னும் கறுத்துப் போவ” என்று என்னை விரட்டினாயே!

போன மாதம் ப்ருனெலுக்குக் கொழுப்பு ஏறிவிட்டது. மேடையில் அட்டைப் பனைமரம் நட்டு, நான் நாலு காலில் தவழ்ந்து உறுமிக்கொண்டு வரவேண்டும் என்றார். மாட்டேன் என்றேன். “கூட்டம் வர்றது பாவாடைக்கு, உனக்கில்ல” என்று சொல்லி, ஜினெத் என்ற வெள்ளைக்காரப் பெண்ணுக்கு என் ஆட்டத்தைக் கொடுத்துவிட்டார். உடைக்கூடத்தில் வெள்ளி முலாம் பூசிய கரண்டிகளால் அவளுக்குப் புதுப் பாவாடை செய்தார்கள். முகத்துக்குக் கரியும் பூசினார்கள்.

அவள் ஆடிய முதல் இரவு நான் மாடி வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றேன். வெளியேதான் வீராப்பு. அவர் சொன்னது நிஜமாகிவிட்டால் நான் யார் என்று உள்ளே பயம்தான்.

ஜினெத் வந்தாள், இடுப்பை வெட்டினாள். சத்தமே இல்லை! இந்த ஊரில் சாப்பாட்டு மேசையில் கரண்டிகளை ஒரே பக்கமாகக் கவிழ்த்து வைப்பார்கள். உடைக்கூடத்துப் பெண்கள் அதே பழக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே பக்கம் பார்த்துக் கோத்திருக்கிறார்கள். ஒன்றுக்குள் ஒன்று பதுங்கிக்கொண்டு கரண்டிகள் வாயே திறக்கவில்லை. உன்னைப் போல முதுகோடு முதுகு வைத்தால்தானே பேசும்? என் பக்கத்தில் இருந்தவன் எழுந்து, “கரண்டி வந்துடுச்சு, சூப்பு எங்கடி?” என்று கத்தினான். கொட்டகை இடிந்துவிழும்போல் சிரித்தது. பாவம், அந்தப் பெண் மேல் என்ன தப்பு? திரைக்குப் பின்னால் அழுதுகொண்டிருந்தவளின் கரியை நான்தான் துடைத்துவிட்டேன். இரகசியம் என்ன என்று உடைக்கூடத்துத் தலைவி மதாம் ஓதீல் கெஞ்சினாள். “எங்கம்மாவக் கேளுங்க” என்றேன்.

மறுநாள் காலையில் ப்ருனெல் மூச்சிரைக்க என் அறைப் படியேறி வந்து, “என்ன வேணுமோ கேளு, தாயே” என்றார். பனைமரம் போகவேண்டும், அந்த இடத்தில் என் அம்மாவின் சமையலறையை வரையவேண்டும் என்றேன். விளம்பரத் தாளில் என் பெயருக்குக் கீழே “தாளம்: ஹெஸ்டர் டார்வர்” என்று போடவேண்டும் என்றேன். மூன்றாவது, இந்த டிக்கெட். மனிதர் குதித்தார், மேசையைக் குத்தினார், கடைசியில் தலையாட்டினார்.

ஓவியர் இப்போது என் உயிரை எடுக்கிறார். நீலக் கதவு, பாத்திரம் கழுவும் பெரிய தொட்டி, சுவரில் நீ இடுப்பில் கட்டும் சமையல் துணி எல்லாம் சொல்லிவிட்டேன். ஜன்னல் தொட்டிக்கு எந்தப் பக்கம் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. அவரிடம், அந்தச் சமையலறைக்காரியே வந்து சொல்லுவாள், அதுவரை சுவரை வெறுமையாக விடுங்கள் என்றிருக்கிறேன்.

நியூயார்க் வரும் வழியில் நம் கறுப்பு ஆட்களுக்கென ஒதுக்கிய ரயில் பெட்டியில்தான் வரவேண்டியிருக்கும், பொறுத்துக்கொள். கப்பலில் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். எழுந்திரு என்று எவனும் சொல்லமாட்டான். கம்பளி எடுத்துக்கொள். உன் இரண்டு கரண்டிகளையும் மறக்காதே.

புத்தாண்டு ஆட்டத்துக்கு முதல் வரிசையில் உனக்கு நாற்காலி போட்டாயிற்று. வேறு யாரையும் அதில் உட்கார விடமாட்டேன். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார், அம்மா. காதை மட்டும் மூடிவிடாதே.

உன் முத்தங்களுக்குக் காத்திருக்கும் வாயாடி மகள்,
ஒஸெல்லா