மேயர் வாசலில் துவைத்த துணி

அன்புள்ள அம்மாவுக்கு,

ஹெர்மினியாவின் வணக்கம். அங்கே நம்ம ஊர் இலோய்லோவில் மழை ஆரம்பிச்சாச்சா? முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கிறீங்களா? இந்தத் தீவில் நான் நல்லாத்தான் இருக்கேன்.

ஒரு சின்ன விஷயம், பயப்படாதீங்க. எங்க பிரசவ நிலையத்துக்குப் பக்கத்தில் புதுத் தண்ணீர்த் தொட்டி கட்டி, அதில் மேயர் சிரிக்கிற மாதிரி படமும் வரைஞ்சாங்க. குழாயை இணைக்க மட்டும் யாருக்கும் நேரமில்லை. எனக்குக் கை கழுவக்கூட வழியில்லை. அதனால் திங்கட்கிழமை நகராட்சி ஆபீஸ்ல வாராவாரம் நடக்கிற கொடியேற்றம் முடிஞ்சதும், எங்க தெருப் பெண்களோட அங்கே வாசல் தோட்டக் குழாயடியில் உட்கார்ந்து பிரசவத் துணிகளைத் துவைக்க ஆரம்பிச்சேன்.

மேயர் ஓடி வந்தார். "என்னம்மா இது, ஆபீஸ் வாசல்ல?"

"தொட்டியில உங்க மூஞ்சிதான் சார் இருக்கு. தண்ணி இங்கதான இருக்கு!" என்றாள் பக்கத்து வீட்டு அகாபிதா. காவலுக்கு நின்ற போலீஸ்காரரே சிரிச்சிட்டார்.

மேயர் என் பக்கம் திரும்பினார். "மருத்துவச்சி, நீங்க உங்க வேலையைப் பாருங்க."

"அதைத்தான் சார் பார்த்துக்கிட்டிருக்கேன்," என்று துணியைப் பிழிஞ்சேன்.

மறுநாளே ஆள் வந்து குழாயை இணைச்சுட்டுப் போனான். என் வேலைக்கு ஒண்ணும் ஆகலை, ஆகவும் ஆகாது.

கடிதம் கொண்டுபோற படகுக்காரர் கூப்பிடறார், முடிக்கிறேன். இங்கே குளிக்க நல்ல மக் கிடைக்கலை, ஒண்ணு கொடுத்தனுப்புங்க. வேண்டாம், ரெண்டா எடுத்துக்கிட்டு நீங்களே வாங்க. இப்பத்தான் தண்ணீர் இருக்கே.

உங்கள்
ஹெர்மினியா