ஒரே சஹனில் மூன்று கைகள்

அன்புள்ள உம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? நான் நல்ல சுகம். போனில் சொன்னால் வாப்பாவுக்குக் கேட்டுவிடும். அதனால்தான் என் அறையில் இருக்கும், லீவில் ஊருக்கு வரும் மருதமுனை அஸ்கியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்துவிடுகிறேன்.

நான் துப்புரவு செய்யும் மூளை ஆராய்ச்சிக்கூடத்தில் பரிசோதனைக்கு ஆள் தேடினார்கள். நான் போனேன். பயப்படாதீர்கள், ஊசி எதுவும் இல்லை. ஒரு இயந்திரத்துக்குள் அசையாமல் படுத்துப் படம் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். படத்தில் ஒரு கை சோறு பிசைந்தது. எனக்கோ நல்ல பசி. விரல்கள் தானாகப் பிசையத் தொடங்கிவிட்டன! டொக்டர் ஏசினார். பிறகு அசையாமல் பார்த்தேன். கடைசியில் அதேபோல் பிசையவும் சொன்னார்கள். உம்மா, பிசைந்தபோது மூளையில் ஒளிர்ந்த இடங்களில் பல, சும்மா பார்த்தபோதும் ஒளிர்ந்திருந்தன! பிறகு கணினித் திரையில் காட்டினார்கள், என் கண்ணால் கண்டேன்.

உடனே வாப்பாவின் விழுந்துபோன வலது கை பற்றி டொக்டரிடம் கேட்டேன். பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவர்கள் பிறர் கையைப் பார்த்துச் செய்து பழகினால் உதவலாம், ஆனால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

"இடக்கையால தின்னவும் மாட்டன், என்னை ஒத்தரும் பாக்கவும் வேணாம்" என்று வாப்பா அறைக்குள் இருக்கிறார். நீங்கள் கரண்டியால் ஊட்டுகிறீர்கள். இனிக் கல்யாண வீட்டில் எல்லாரும் சுற்றியிருந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவதுபோல, ஒரே சஹனில் சோறு போட்டு, அவருக்கு எதிரே இருந்து மெதுவாகப் பிசைந்து சாப்பிடுங்கள். அவருடைய வலது கையையும் சஹனில் வையுங்கள். கிளினிக்கிலும் கேளுங்கள்.

அஸ்கி திரும்பி வரும்போது அவனிடம் கொஞ்சம் மாசிச் சம்பல் தந்துவிடுங்கள். சாப்பிடும்போது வீடியோ கோல் எடுத்து, போனைச் சஹன் ஓரத்தில் சாத்தி வையுங்கள். நானும் அதே நேரம் இங்கே பிசைந்து சாப்பிடுகிறேன், வாப்பாவுக்கு என் கையும் தெரியட்டும். இங்கே சாப்பிடும்போது எனக்கு எதிரே சுவர்தான் இருக்கிறது.

வேலைக்கு பஸ் வந்துவிட்டது.

மகன் றிபாஸ்