பக்கத்துக் காம்பரா

ஹாலிஎல
4.9.2024

அன்புள்ள தம்பி கிருஷ்ணராஜுக்கு அக்கா பாக்கியலெட்சுமி எழுதுவது. நாங்கள் சுகம். கொழும்பு மறியல் சிறையில் சாப்பாடு எப்படி? மெலிந்திருந்தால் நல்லதுதான், அந்தத் தொப்பை உனக்கு அழகில்லை.

பிள்ளைகள் நிரஞ்சலாவும் தனுஜாவும் எப்போதும்போல என்னோடுதான் படுக்கிறார்கள். பொலிஸ் வந்த அன்று பக்கத்து அறையான உன் காம்பராவைப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாய். சின்னவள் தனுஜா ஒரே அழுகை. "ஒங்கப்பன் எங்கயும் போகலடி, உள்ளதான் ஒளிஞ்சிருக்கான், தட்டிப் பாரு" என்று கேலி செய்தேன். அதிலிருந்து காலை ஆறு மணிக்கு இரண்டு பேரும் நடுச்சுவரில் மூன்று தட்டு தட்டுகிறார்கள், நீ அவர்களை எழுப்புவாயே, அதேபோல. அந்தப் பக்கமிருந்தும் தட்டுகிறதாம். எலிதான். எண்ணத் தெரிந்த எலி.

பதுளை நன்னடத்தை அலுவலகத்திலிருந்து ஒரு மிஸ் வருவாராம். உன்னை சைப்ரஸுக்குப் பிடித்துக் கொடுத்தால் பிள்ளைகள் என்ன ஆவார்கள் என்று விசாரித்துக் கோர்ட்டுக்கு எழுதுவாராம்.

அக்கா


கொழும்பு
13.9.2024

அன்புள்ள அக்கா,

லோயர் சொல்கிறார், அந்த மிஸ் எழுதுவதுதான் நமக்கு மிச்சமிருக்கும் ஒரே வழியாம். சைப்ரஸில் வேலை செய்தபோது லொறியில் அந்த மனிதரை மோதியது நான்தான். பயந்து ஊருக்கு ஓடிவந்ததும் நான்தான். தண்டனையை இங்கேயே கொடுக்கட்டும், பிள்ளைகளை எப்போதாவது பார்க்கலாம். தாயில்லாத பிள்ளைகள், நானும் போனால் தாங்க மாட்டார்கள் என்று மிஸ் எழுத வேண்டும்.

எலி விஷயம். வந்த நாளிலிருந்து நானும் இங்கே காலை ஆறு மணிக்குச் சுவரில் மூன்று தட்டு தட்டுகிறேன். யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளைகள் இதை மிஸ்ஸிடம் பேசவே கூடாது.

தம்பி


ஹாலிஎல
27.9.2024

தம்பி,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. யசோதினி மிஸ் முந்தாநாளே வந்து போய்விட்டார்.

"அப்பா இல்லாம கஷ்டமா இருக்காம்மா?" என்று கேட்டார். சின்னவள் சிரித்தாள். "அப்பா பக்கத்துக் காம்பராவுலதானே இருக்காங்க. காலையில தட்டுறாங்க."

பெரியவளும் தலையாட்டினாள்.

"அது நான் சொன்ன கேலிங்க மிஸ்" என்றேன்.

"பிள்ளைங்க சொல்றததான் நான் எழுதணும்" என்றார். நன்றாகச் சாப்பிடுகிறார்கள், தூங்குகிறார்கள், ஏக்கம் ஒன்றும் இல்லை. அப்படித்தான் எழுதினார். எல்லாம் உண்மைதான்.

என் வாயைத் தைக்க வேண்டும்.

அக்கா


ஹாலிஎல
21.2.2025

அன்புள்ள தம்பி,

அங்குள்ள மறியல் விலாசத்தை லோயர் தந்தார். பிள்ளைகளுக்குப் பாதிப்பில்லை என்ற அந்த வரியை வைத்துத்தான் உன்னை சைப்ரஸுக்கு அனுப்பினார்களாம்.

திங்கட்கிழமை நீ பிளேன் ஏறினாய். செவ்வாயிலிருந்து ஆறு மணிக்குச் சுவர் சும்மா இருக்கிறது. சின்னவள் கை சிவக்கத் தட்டிவிட்டு, சாப்பிடாமல் பள்ளிக்குப் போகிறாள்.

நேற்று எனக்குக் காய்ச்சல், மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. லயத்து வீடுகளில் ஒரு சத்தமும் இல்லை. ஒன்பதரைக்கு மூன்று தட்டு கேட்டது. வெளியே போய்ப் பார்த்தேன், உன் பூட்டு துருப்பிடித்துத் தொங்குகிறது. உள்ளே வந்தேன். மறுபடியும் மூன்று.

முன்பு அங்கே வேலைக்குப் போனபோது போனில் சொல்வாயே, "இங்க இப்பத்தான் ஆறு மணி அக்கா, அங்க ஒன்பதரை" என்று.

எலி என்று சொல்ல வாய் வரவில்லை. நானும் தட்டினேன்.

நாளைக்குச் சனிக்கிழமை. ஒன்பதரைக்குப் பிள்ளைகளைச் சுவரோரம் உட்காரவைக்கிறேன். தட்டாமல் இருந்துவிடாதே.

அக்கா